மதுரையிலிருந்து கடற்கரை நெடுநடைக்கு: மனநல நிதிக்காக முதன்முறை நடப்பவர்களுக்கு

தைப்பூசத்துக்கு முந்தைய நாள்களில் மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் சாலையில் இரவில் பயணம் செய்தவர்கள், முதுகுப் பையில் ஒளிரும் பட்டை ஒட்டிக்கொண்டு, பச்சையும் காவியும் உடுத்தி, வாடிப்பட்டியையும் ஒட்டன்சத்திரத்தையும் கடந்து பழநிக்குப் போகும் பாதயாத்திரைக் கூட்டத்தைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. ஏறத்தாழ 120 கி.மீ. தொலைவை, விளையாட்டுப் பயிற்சி எதுவும் பெறாத மளிகைக் கடைக்காரரும் பூக்கட்டும் அம்மாவும் சில நாள்களில் நடந்து முடித்துவிட்டு, அடுத்த வாரமே கடை திறந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆகவே நெடுந்தொலைவு நடப்பதை மதுரைக்காரர்களுக்கு எவரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. உப்புக் காற்றிலும் மணலிலும் நிழலில்லாத வெயிலிலும் நடப்பது எப்படி, பிறர் கொடுத்த பணத்துக்குப் பொறுப்பேற்று நடப்பது எப்படி என்ற இரண்டைத்தான் நாம் கற்க வேண்டியிருக்கிறது. இந்தக் கட்டுரை அந்த இரண்டைப் பற்றியது.

நான் இராமேசுவரம் கரையில் மூன்று முறை இவ்வாறு நடந்திருக்கிறேன். முதல் முறை செய்த தவறுகள் இதில் ஆங்காங்கே வரும். அவற்றை நீங்களும் செய்து பார்க்க வேண்டிய தேவை இல்லை.

யாருக்காக என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

காலணி வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. மனநலம் என்ற சொல் மிகப் பரந்தது. வீதியில் கைவிடப்பட்டவர்களுக்கு உறைவிடம், சிகிச்சை முடிந்தவர்களுக்குத் தொழிற்பயிற்சி, மாணவர்களுக்கான ஆலோசனை, தற்கொலைத் தடுப்புக்கான தொலைபேசி உதவி என்று ஒவ்வொன்றும் தனித்தனி வேலை. மதுரையில் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை 1992 முதல் மனநலச் சிகிச்சையிலும் மறுவாழ்விலும் இயங்கி வருகிறது. சென்னையில் தி பேனியன் 1993இல் வீடற்ற, மனநலம் பாதிக்கப்பட்ட பெண்களுக்காகத் தொடங்கப்பட்டது. இவை தவிரச் சிற்றூர்களிலும் சிறிய இல்லங்கள் உண்டு. எதைத் தேர்ந்தாலும் ஒருமுறை நேரில் போய், தணிக்கை செய்யப்பட்ட கணக்கைக் காட்டுவார்களா, வருமான வரி விலக்குக்கான 80ஜி பதிவு நடப்பில் இருக்கிறதா, நீங்கள் திரட்டும் தொகை எந்தச் செலவுக்குப் போகும் என்ற மூன்றையும் கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கும் இடம் உங்களுக்கான இடம் அல்ல.

கடற்கரையை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நண்பர்கள் கேட்பார்கள். இராமநாதபுரம் மாவட்டத்தின் தென்கரையில்தான் ஏர்வாடி இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலையில் அங்கே மனநலம் பாதிக்கப்பட்டவர்களுக்கான ஒரு தனியார் காப்பகத்தின் கொட்டகையில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த காரணத்தால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே அந்த வழக்கை எடுத்துக்கொண்டது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநலம் பாதிக்கப்பட்டவரை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று தெளிவாகத் தடை செய்திருக்கிறது. இந்தக் கரையில் மனநலத்துக்காக நடப்பவர் இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு நடக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். ஆனால் ஏர்வாடித் தர்காவை நடையின் முடிவிடமாக வைத்து, அங்கே தங்கியிருப்பவர்களின் நடுவே நின்று பதாகையோடு படம் எடுத்துக்கொள்ளும் யோசனை உங்கள் குழுவில் எழுந்தால், அதை அங்கேயே நிறுத்திவிடுங்கள். நேர்ச்சைக்கும் நோய் தீரவும் வந்து தங்கியிருக்கும் குடும்பங்களுக்கு நம்முடைய வெற்றிக் களிப்பால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

எந்தக் கரை, எவ்வளவு தொலைவு

புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடி வழியாக அரிச்சல்முனை வரையிலான ஏறத்தாழ 20 கி.மீ. பாதை. 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த தனுஷ்கோடிக்கு அரை நூற்றாண்டுக் காலம் முறையான சாலை இல்லை. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து முனை வரையுள்ள 9.5 கி.மீ. சாலை 2017இல்தான் திறக்கப்பட்டது. தரை கெட்டியான தார்ச்சாலை என்பதாலும், இருபுறமும் கடல் தெரிவதாலும், உதவி வண்டி கூடவே வர முடியும் என்பதாலும் முதல் நடைக்கு இதைவிட ஏற்ற பாதை நமக்கு அருகில் இல்லை. கால் தளர்ந்தால் வண்டியில் ஏறிவிடலாம்; மணற்பரப்பின் நடுவே அந்த வசதி கிடையாது. உடல் தேறியவர்கள் ஒரே நாளில் போய்த் திரும்பி 40 கி.மீ. நடக்கலாம், என்றாலும் முதல் ஆண்டில் அதை வேண்டாம் என்றே சொல்வேன்.

மணலில்தான் நடப்பேன் என்பவர்கள் திருப்புல்லாணிக்குத் தெற்கே சேதுக்கரையில் தொடங்கிக் கீழக்கரை வழியாக ஏர்வாடிப் பக்கம் போகும் மன்னார் வளைகுடாக் கரையைப் பார்க்கலாம், அல்லது உச்சிப்புளிக்கு அருகே பாக் நீரிணைப் பக்கமுள்ள அரியமான் கரையில் சில கி.மீ. நடந்து பழகலாம். ஒரே வேகத்தில் நடந்தால், கால் புதையும் மணலில் கெட்டித் தரையைவிட இருமடங்குக்கும் மேல் ஆற்றல் செலவாகிறது. ஆகவே மணலில் 10 கி.மீ. என்பது சாலையில் 20 கி.மீ. என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். நம் கரையில் ஓதம் ஏறி இறங்கும் உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால், வேறு நாட்டுக் கடற்கரைகளில் நீர் வடிந்தபின் கிடைப்பதுபோல் அகலமான ஈர மணற்பட்டை நமக்குக் கிடைக்காது. கிடைக்கும் குறுகிய பட்டையும் கடலை நோக்கிச் சரிந்திருக்கும். ஒரு கால் எப்போதும் தாழ்வில் விழுந்துகொண்டே வருவதால் இடுப்பும் முழங்காலின் பக்கவாட்டும் வலிக்கத் தொடங்கும். அரை மணிக்கு ஒருமுறை மேட்டுப் பக்கம் ஏறிச் சற்று நடந்துவிட்டு வந்தால் அது ஓரளவு சமனாகும்.

தனுஷ்கோடியில் மீனவர்கள் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் பாக் நீரிணையைப் பெண் கடல் என்றும் சொல்வார்கள். சாலையின் ஒரு பக்கம் அலை எகிறும்போது மறுபக்கம் குளம்போலக் கிடப்பதைப் பார்த்தால் பெயரின் காரணம் விளங்கும். ஆனால் அமைதியாகத் தெரியும் பக்கத்திலும் முனைக்கு அருகில் நீரோட்டம் கடுமையானது. நடை முடிந்த மகிழ்ச்சியில் கடலில் இறங்கிக் குளிப்பதற்கு அரிச்சல்முனை ஏற்ற இடம் அல்ல.

எந்த மாதம்

சனவரியின் பின்பாதியும் பிப்ரவரியும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும் இந்தக் கரையின் இயல்பு. மார்ச்சுக்குப் பிறகு வெயில், மே மாதத்திலிருந்து மணலை வாரி முகத்தில் அறையும் காற்று. சனவரி, பிப்ரவரியிலும் ஒன்றை நாட்காட்டியில் பார்த்துக்கொள்ள வேண்டும்: தை அமாவாசையையும் மகா சிவராத்திரியையும் ஒட்டிய நாள்களில் இராமேசுவரத்தில் அறையும் கிடைக்காது, சாலையில் நடக்க இடமும் கிடைக்காது. உலக மனநல நாளான அக்டோபர் 10 அன்றுதான் நடப்போம் என்று அடம்பிடிப்பவர்களுக்கு, அன்று மதுரைத் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்து நிதி வசூலைத் தொடங்கலாம் என்று சொல்லிவிடுங்கள். அங்கிருந்து கடற்கரை நடைக்குச் சரியாகப் பதினைந்து பதினாறு வாரங்கள் இருக்கும். பயிற்சிக்குத் தேவையான காலமும் அதுதான்.

அனுமதி

பத்துப் பேருக்கு மேல் பதாகையோடு நடப்பதாக இருந்தால், உள்ளூர்க் காவல் நிலையத்தில் நாள், நேரம், பாதை, ஆள் எண்ணிக்கை ஆகியவற்றை எழுதிக் கொடுத்து முன்கூட்டியே இசைவு பெறுங்கள். முனையிலிருந்து இலங்கையின் தலைமன்னார் ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவுதான் என்பதால் இது கண்காணிப்பு மிகுந்த கரை. ஒவ்வொருவரும் ஆதார் அட்டையை வைத்திருக்க வேண்டும். தனுஷ்கோடிச் சாலையில் மாலையானதும் பொதுமக்களை வெளியேற்றிவிடுவார்கள், எனவே இரவு நடைத் திட்டம் வேண்டாம். ட்ரோன் கொண்டு படம் எடுக்கும் ஆசையும் வேண்டாம், உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. வனத்துறையின் அனுமதியின்றி அவற்றில் கால் வைக்க முடியாது.

மீனவக் குடியிருப்புகளை ஒட்டி மணலில் நடக்கும் குழுக்கள், அரசு அனுமதி இருந்தாலும் ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். காயும் வலையின்மீது காலணியோடு ஏறாதீர்கள். விடியற்காலையில் கரையின் சில பகுதிகளை ஊரார் காலைக்கடனுக்குப் பயன்படுத்துவதுண்டு. அந்த நேரத்தில் அவ்விடங்களைத் தவிர்த்து உட்சாலை வழியாகப் போவது மரியாதை.

பதினாறு வாரப் பயிற்சி

வாரத்துக்கு நான்கு நாள் நடந்தால் போதும். மூன்று நாள் 40 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை, ஞாயிற்றுக்கிழமை ஒரு நீண்ட நடை. நீண்ட நடையை 6 கி.மீ. அளவில் தொடங்கி வாரத்துக்கு ஒன்று அல்லது ஒன்றரை கி.மீ. கூட்டிக்கொண்டே போய், நான்காவது வாரந்தோறும் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து உடலுக்கு ஓய்வு கொடுங்கள். பதின்மூன்றாவது வாரத்தில் 18 கி.மீ. அளவுக்கு வந்துவிட்டால் 20 கி.மீ. நடைக்கு அது போதுமானது. அதற்குப் பிறகு தொலைவைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். கடைசி வாரத்தில் பயந்துபோய் ஒரு நெடுநடை நடந்து காலைப் புண்ணாக்கிக்கொண்டு வருகிறவர் ஒவ்வொரு குழுவிலும் ஒருவராவது இருப்பார். அந்த ஒருவர் நீங்களாக இருக்க வேண்டாம்.

மதுரையில் இடத்துக்குக் குறைவில்லை. வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தை ஒருமுறை சுற்றினால் ஏறத்தாழ 1.2 கி.மீ.; தொலைவை எண்ணிக்கொண்டு நடக்கப் பழகுபவர்களுக்கு அது வசதி. மேடு பழக அழகர்கோவில் அடிவாரத்திலிருந்து பழமுதிர்சோலைக்கு ஏறும் மலைச்சாலை. வெயிலும் எதிர்க்காற்றும் பழக, நாகமலைக்கு அப்பால் மரமில்லாத புறவழிச்சாலைப் பகுதிகள், அதுவும் வண்டிகள் குறைந்த அதிகாலையில் மட்டும். மணல் பழகத்தான் சிரமம். என் தாத்தா காலத்தில் வைகைக்குள் இறங்கினால் கணுக்கால்வரை மணல் புதையும் என்பார்கள். இப்போது நகருக்குள் புதைவது வேறு. சோழவந்தான் பக்கம் ஆற்றில் மணல் மிச்சமுள்ள இடங்களைத் தேடிப் பிடிக்கலாம், ஆனால் அணையில் தண்ணீர் திறந்திருக்கும் காலத்தில் ஆற்றுக்குள் இறங்கவே கூடாது. மணலில் முதல் நாள் 20 நிமிடத்துக்கு மேல் வேண்டாம்: கெண்டைக்காலும் குதிகால் நரம்பும் மறுநாள் காலையில்தான் கணக்குக் கேட்கும்.

குறைந்தது இரண்டு நீண்ட நடைகளையாவது, நடைநாளன்று அணியப்போகும் அதே காலணி, அதே காலுறை, அதே பை, அதே உணவோடு நடந்து பாருங்கள். அன்றைய நாளில் புதிதாக எதுவும் இருக்கக் கூடாது.

கால்

முதல் நடைக்கு நான் புத்தம்புதிய காலணியோடு போனேன். ஒன்பதாவது கி.மீ.யில் இடது சுண்டுவிரல் எரிந்தது, அதைப் பொருட்படுத்தாமல் நடந்தேன், பதினான்காவது கி.மீ.யில் உறையைக் கழற்றியபோது நகம் பாதி உறையோடு வந்தது. அதற்குப் பின்தான் எங்கள் தெருவில் இருபது முறைக்கு மேல் பழநிக்கு நடந்த பெரியவரிடம் போனேன். அவர் தெப்பக்குளத்துக் கல்படியில் என்னை உட்காரவைத்து, விளக்கெண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிச் சூடேறும்வரை தேய்த்து, விரலிடுக்குகளிலும் குதிகாலைச் சுற்றியும் பூசிக் காட்டினார். எண்ணெய் பளபளக்கக் கூடாது, தோல் குடித்துவிட வேண்டும் என்றார். பிறகு என் காலணியைக் கையில் வாங்கிக் குதிப்பக்கம் ஒரு விரலை நுழைத்துப் பார்த்து, "தம்பி, இதுக்குள்ள உங்க காலுக்கே இடம் இல்ல, வீங்குன கால் எங்க போகும்?" என்று கேட்டார். மூன்று நான்கு மணி நேரம் நடந்த கால் பெரிதாகிவிடும். காலணி வாங்க மாலையில் போங்கள், வழக்கமான அளவைவிட அரை அளவு கூட்டி வாங்குங்கள்.

கடற்கரையில் இதோடு இன்னொன்று சேர்கிறது. பொடிமணல் காலணியின் வலைத்துணி வழியாகவே உள்ளே இறங்கி, வியர்வையில் நனைந்து உப்புத்தாள்போல் தோலைத் தேய்க்கும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் உறையைக் கழற்றி உதறி, விரலிடுக்கைத் துடைத்து, மறுபடி அணியும் ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். பருத்தி உறை ஈரத்தைப் பிடித்துவைக்கும் என்பதால் விளையாட்டுக்கான செயற்கை இழை உறைகள் இரண்டு இணை வேண்டும். எரிச்சல் தொடங்கிய இடத்தில் உடனே பிளாஸ்திரி ஒட்டுங்கள், கொப்புளம் வந்துவிட்டால் உடைக்காதீர்கள். தொடையிடுக்கு உரசலுக்கு வாசலின் தடவிக்கொள்ள வெட்கப்பட வேண்டாம், எட்டாவது கி.மீ.யில் எல்லோரும் அதைத்தான் தேடுவார்கள்.

வேண்டுதல்போல வெறுங்காலோடு நடக்கிறேன் என்று சிலர் சொல்வார்கள். இரவில் நடக்கும் பாதயாத்திரைக்கு அது பொருந்தலாம். காலை பத்து மணிக்குக் கடலோரத் தார்ச்சாலையில் பொருந்தாது. மணலிலோ உடைந்த சிப்பி, நைலான் வலைத்துண்டு, கருவேல முள், கரையொதுங்கிய சொறிமீன் எல்லாம் கிடக்கும்.

தண்ணீரும் உப்பும்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து மெதுவாகப் படியுங்கள். தாகத்தால் மயங்குபவர்களைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்து, இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய்ச் சரிந்து விழுபவர்களும் உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. முதல் நடையில் எனக்கு நேர்ந்தது அதன் தொடக்கம்தான். பயத்தில் கி.மீ.க்கு ஒரு குப்பி என்று குடித்துக்கொண்டே வந்தேன். தனுஷ்கோடி இடிபாடுகளுக்கு அருகில் விரல்கள் வீங்கி மோதிரம் இறுகிவிட்டது, குமட்டியது, தலை கனத்தது. ஓலைக் கொட்டகைக் கடையில் மீன் பொரித்துக்கொண்டிருந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டு, என் கையிலிருந்த தண்ணீர்க் குப்பியை வாங்கி ஓரமாக வைத்தார். நிழலில் உட்காரச் சொல்லி, அரை மணி நேரம் கழித்து உப்புப் போட்ட கஞ்சியும் சுட்ட கருவாட்டுத் துண்டும் கொடுத்தார். கடலில் காலம் தள்ளும் வீட்டாருக்கு இது மருத்துவம் அல்ல, அன்றாடம்.

பொதுவாக மணிக்கு 400 முதல் 800 மில்லி வரை, தாகத்தை ஒட்டி, சிறுசிறு மடக்காகக் குடித்தால் போதும். உங்கள் அளவைப் பயிற்சியிலேயே கண்டுபிடியுங்கள்: நீண்ட நடைக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் அது இயல்பு. கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் அச்சிட்ட அளவுத் தண்ணீரில் முழுமையாகக் கரைக்க வேண்டும், பாதிப் பொட்டலம், கால் பொட்டலம் என்று கண்ணளவில் போடக் கூடாது. உப்பிட்ட மோர், நீராகாரம், கடலைமிட்டாய், கருப்பட்டித் துண்டு, வாழைப்பழம் ஆகியவை நம் வயிற்றுக்குப் பழகியவை. விலை உயர்ந்த ஜெல் பொட்டலங்களைவிட இவற்றை நான் நம்புகிறேன். முந்தைய நாள் மதுரையை விட்டுக் கிளம்பும்போது பரோட்டாவும் சால்னாவும் ஒரு ஜிகர்தண்டாவும் என்று விருந்து வைத்துக்கொள்வதை நடை முடிந்து திரும்பும் நாளுக்குத் தள்ளிப்போடலாம்.

கூட நடப்பவர் தடுமாறினால், பேச்சுக் குழறினால், சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், அது சோர்வு அல்ல, வெப்பத் தாக்கு என்றே எடுத்துக்கொண்டு நிழலில் படுக்கவைத்து, உடலெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108ஐ அழையுங்கள். நினைவு தடுமாறுபவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

மாத்திரை எடுத்துக்கொள்பவர்கள்

மனநலத்துக்காக நடக்கும் குழுவில் மனநலச் சிகிச்சையில் இருப்பவர்களும் இருப்பார்கள், இருக்க வேண்டும். ஆனால் இந்தப் பகுதியைப் பெரும்பாலான நடைப் பயிற்சிக் குறிப்புகள் தொடுவதே இல்லை. இருதுருவ மனநிலைக் கோளாறுக்கு லித்தியம் எடுப்பவர்களுக்கு, வியர்த்து உடலில் நீரும் உப்பும் குறைந்தால் இரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஏறி நஞ்சாகக்கூடும். கை பெரிதாக நடுங்குவது, வாந்தி, நடை தள்ளாடுவது, நாக்குக் குழறுவது ஆகியவை அதன் அறிகுறிகள். மூட்டு வலிக்கென்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவை லித்தியத்தின் அளவை மேலும் ஏற்றும். லித்தியம் எடுக்காதவர்களுக்கும் நெடுநடையின் நடுவே அவை சிறுநீரகத்துக்கு நல்லதல்ல. மனநோய் மருந்துகள் சிலவும், அவற்றோடு தரப்படும் டிரைஹெக்ஸிஃபெனிடில் போன்றவையும் வியர்ப்பதைக் குறைத்து உடல் சூட்டை ஏற்றும். இரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீர் போக்கி மாத்திரை எடுப்பவர்களும் இதே வரிசைதான்.

இதற்காக மருந்தை நிறுத்திவிட்டு நடக்கக் கூடாது. பயிற்சியைத் தொடங்கும் முன்பே உங்கள் மருத்துவரிடம் மாதம், நேரம், தொலைவு மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் கேட்கலாம். குழுத் தலைவர் யாரிடமும் "உங்களுக்கு என்ன நோய்?" என்று பொதுவில் கேட்கக் கூடாது. மூடிய உறையில் பெயர், மருந்து, நெருங்கியவரின் எண் ஆகியவற்றை எழுதி வாங்கி உதவி வண்டியில் வைத்து, தேவைப்பட்டால் மட்டும் பிரித்து, நடை முடிந்ததும் பிரிக்காத உறையை அவரவர் கையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

பணம்

நம் வீடுகளில் மொய் நோட்டு எழுதும் ஒழுங்கு எல்லோருக்கும் தெரியும்: பெயர், ஊர், தொகை, ஒன்றும் விடுபடாது. நிதி வசூலுக்கும் அந்த ஒழுங்குதான் தேவை. ஆனால் மொய் திருப்பிச் செய்ய வேண்டிய கடன், நன்கொடை அப்படியல்ல. எனவே "நான் உங்கள் வீட்டு விசேஷத்துக்கு வந்தேனே" என்ற தொனி கேட்கும் செய்தியில் எட்டிப்பார்க்கக் கூடாது.

பணம் உங்கள் கைபேசிக் கணக்குக்கு வரவே கூடாது. நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கோ அவர்களின் க்யூஆர் குறிக்கோ நேராகப் போகட்டும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் 80ஜி வரிச் சலுகை கிடைக்காது. புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு அந்தச் சலுகையே இல்லை. இவற்றை முன்னரே சொல்லிவிட்டால் பிறகு மனக்கசப்பு வராது. சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ குடியுரிமை பெற்றுவிட்ட உறவினர் அனுப்ப விரும்பினால், அந்த நிறுவனம் வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றிருக்க வேண்டும். பயணம், தங்கும் அறை, சட்டை அச்சிடுவது ஆகிய செலவுகளை நடப்பவர்களே தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள். நன்கொடையிலிருந்து சட்டை அச்சடித்துவிட்டு மிச்சத்தைக் கொடுத்த குழு ஒன்றை எனக்குத் தெரியும். கணக்கு சரியாகத்தான் இருந்தது, மறு ஆண்டு கேட்டபோது எவரும் கொடுக்கவில்லை.

கேட்கும் செய்தியில் சொற்களைப் பாருங்கள். பைத்தியம், மெண்டல் என்பவை நகைச்சுவையாகக்கூட வேண்டாம். சிகிச்சையில் இருப்பவரின் படத்தை இரக்கத்துக்காகப் பயன்படுத்தாதீர்கள். அவரது இசைவின்றி அவ்வாறு ஊடகங்களுக்குக் கொடுப்பதை மனநலப் பாதுகாப்புச் சட்டமே தடுக்கிறது. ஒவ்வொரு செய்தியின் அடியிலும் அரசின் தொலைபேசி மனநல உதவியான டெலிமானஸின் 14416 என்ற எண்ணைப் போடுங்கள்: எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலும் பேசலாம். நீங்கள் நிதி கேட்கத் தொடங்கியதும், இதுவரை பேசாத ஒருவர் தன் வீட்டில் நடப்பதை நள்ளிரவில் உங்களுக்கு எழுதுவார். அது நிச்சயம் நடக்கும். நீங்கள் மருத்துவர் அல்ல, பொறுமையாகக் கேட்டு, அந்த எண்ணையோ மருத்துவமனையையோ காட்டினால் போதும். உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு வந்தால் அவரைத் தனியே விடாமல், அவர் அருகில் இருக்கும் ஒருவரை உடனே எழுப்புங்கள்.

நடைநாள்

மாட்டுத்தாவணியிலிருந்து இராமேசுவரத்துக்கு ஏறத்தாழ 170 கி.மீ., பேருந்தில் நான்கு மணி நேரம். புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டபின் இரயிலிலும் போகலாம். முந்தைய நாள் பிற்பகலிலேயே போய்ச் சேர்ந்து, எட்டரைக்குள் படுத்துவிடுங்கள்.

வெளிச்சம் வருவதற்கு அரை மணி முன்பு கிளம்பினால் பத்தரைக்குள் முனையில் இருக்கலாம். சாலையின் வலப்பக்கம், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, இரண்டிரண்டு பேராக நடங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் உங்களுக்கு வேகமாக நடக்கத் தோன்றும்; பக்கத்தில் இருப்பவரோடு மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகத்துக்கு மேல் போகாதீர்கள். ஐந்து கி.மீ.க்கு ஒரு நிறுத்தம், பத்து நிமிடம். முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் நிழல் என்று ஒன்று இல்லாததால், அங்கே தலையில் நனைத்த துண்டைக் கட்டிக்கொண்டு, உறையை மாற்றிக்கொண்டு, இனித் தொடர முடியுமா என்று ஒவ்வொருவரும் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும். வண்டியில் ஏறுபவரை எவரும் கேலி செய்யக் கூடாது என்பதை முந்தைய இரவே குழுவில் சொல்லிவிடுங்கள். அரிச்சல்முனை நெருங்கும்போது கைபேசி இலங்கைக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்வதுண்டு, ரோமிங்கை அணைத்து வையுங்கள்.

திரும்பிய பிறகு

இரண்டு நாள் படி இறங்கும்போது தொடை வலிக்கும், அது இயல்பு. ஒரே இடத்தில் குத்தும் எலும்பு வலி நடந்தால் கூடுகிறது என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். பல வாரம் ஒரு நாளுக்காக வாழ்ந்துவிட்டு அது முடிந்ததும் மூன்றாவது நான்காவது நாளில் ஒரு வெறுமை வருவதுண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் அது நீடித்து, தூக்கமும் பசியும் கெட்டால், பிறருக்காக நீங்கள் அச்சிட்ட அதே எண்ணை உங்களுக்காகவும் அழைக்கலாம்.

பத்து நாளுக்குள் நிறுவனத்திடமிருந்து மொத்தத் தொகைக்கான கடிதத்தை வாங்கி, கொடுத்த ஒவ்வொருவருக்கும் அனுப்புங்கள், 50 ரூபாய் கொடுத்தவருக்கும். வரிச் சலுகை கோருபவர்களுக்கு வேண்டிய 10பிஇ சான்றிதழ் நிதியாண்டு முடிந்தபின் வரும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். காலணியை நல்ல தண்ணீரில் இருமுறை அலசி, உள்தகட்டைத் தனியே எடுத்து நிழலில் காயவையுங்கள். உப்பேறிய காலணியை அப்படியே அட்டைப்பெட்டியில் போட்டு வைத்தால் அடுத்த தைக்குள் பசை விட்டு அடிப்பாகம் தனியே கழன்று வந்துவிடும்.